டார்கெட் ரிமோட்டா, எக்ஸ்டெண்டட்-ரிமோட்டா?

வேறொரு போர்டில் (சின்னக் கணினிப் பலகையில்) ஓடும் புரோகிராமை ஜிடிபி (GDB) என்ற கருவி வைத்து டீபக் செய்பவர்களின், அதாவது பிழை தேடுபவர்களின், புலம்பல் பெரும்பாலும் இரண்டுதான்: புரோகிராம் முடிந்ததும் இணைப்பு போய்விடுகிறது, 'ரன்' கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. கேபிளையும் ஃபயர்வாலையும் குடைவதற்கு முன், எந்தக் கட்டளையில் இணைந்தோம் என்று ஒருமுறை பாருங்கள்.

'டார்கெட் ரிமோட்' என்று இணைந்தால், போர்டில் ஓடி ஜிடிபிக்குப் பதில் சொல்லும் ஜிடிபிசர்வர் அந்தப் புரோகிராமை ஒரே தடவைதான் டீபக் செய்யும். புரோகிராம் முடிந்தாலோ, நீங்கள் 'டிடாச்' கொடுத்து அதை விட்டு விலகினாலோ ஜிடிபி இணைப்பை மூடும், சர்வரும் மூட்டையைக் கட்டிவிடும். அது கோளாறு இல்லை, குணமே அப்படி. 'ரன்' இங்கே செல்லாது. புரோகிராம் ஏற்கெனவே தொடங்கி நிற்கிறது, 'கன்டினியூ' போதும்.

'எக்ஸ்டெண்டட்-ரிமோட்' அப்படி இல்லை. புரோகிராம் செத்தாலும் இணைப்பு நிற்கும். சர்வரை 'மல்டி' ஆப்ஷனோடு கிளப்பினால் கையில் புரோகிராமே இல்லாமலும் காத்திருக்கும். 'ரன்', ஏற்கெனவே ஓடும் புரோகிராமைப் பிடிக்கும் 'அட்டாச்', இரண்டும் வேலை செய்யும். ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு, நானே விழுந்து ஒரு மாலையைத் தொலைத்தேன். 'ஃபைல்' கட்டளையில் கொடுப்பது நம் கணினியில் இருக்கும் பிரதி, சிம்பல்களுக்காக (ஃபங்ஷன், வேரியபிள் பெயர்களுக்காக). போர்டில் எதை ஓட்டுவது என்பதை 'செட் ரிமோட் எக்ஸெக்-ஃபைல்' என்று தனியாகச் சொல்ல வேண்டும், அதுவும் போர்டில் உள்ள பாதையாக. வேலை முடிந்ததும் 'மானிட்டர் எக்ஸிட்' கொடுங்கள். இல்லாவிட்டால் சர்வர் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

லினக்ஸ் போர்டில் ஒரே புரோகிராமைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்களா? யோசிக்காமல் எக்ஸ்டெண்டட். ஓஎஸ் இல்லாத சிப்பை ஓப்பன்ஓசிடி (சிப்புக்கும் ஜிடிபிக்கும் நடுவே நிற்கும் மென்பொருள்) வழியாக 3333 என்ற நெட்வொர்க் போர்ட்டில் பிடிப்பவர்களுக்கு சாதா ரிமோட்டே போதும். 'மானிட்டர் ரீசெட் ஹால்ட்' சிப்பை ஆரம்பத்துக்கே கொண்டுபோய் நிறுத்திவிடும்.

சில வம்புகளுக்கு இரண்டுமே மருந்தில்லை. 'ஜி பாக்கெட் பதில் மிக நீளம்' என்று வந்தால், ஜிடிபி நினைக்கும் ஆர்க்கிடெக்சரும் (பிராசசர் வகையும்) எதிரே இருப்பதும் பொருந்தவில்லை என்று அர்த்தம். இணைந்தவுடன் நிமிடக்கணக்கில் தொங்கினால், புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஜிடிபி போர்டிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கலாம்; ஜிடிபி 7.10 பதிப்பு முதல் அதுதான் இயல்பு. அவற்றின் பிரதியை நம் கணினியில் வைத்து 'செட் சிஸ்ரூட்' கட்டளையில் அந்த இடத்தைக் கொடுத்தால் தீரும்.

அப்புறமும் புரியவில்லையா, 'செட் டீபக் ரிமோட் 1' போடுங்கள், ஜிடிபியும் சர்வரும் பேசிக்கொள்வது தெரியும். டாலர் குறி, ஜி, ஹேஷ், 67 என்று ஒரு வரி ஓடும்: ஜிடிபி ரெஜிஸ்டர்களை (பிராசசருக்குள் இருக்கும் மதிப்புகளை) கேட்கிறது, 67 அந்தச் செய்தி சரியாகப் போனதா என்று பார்க்கும் செக்சம். அதற்குப் பதிலே வராவிட்டால், சரி, இப்போது கேபிளைப் பார்க்கலாம்.