பழைய காரில் வேக்குவம் லீக்: புகை இயந்திரம் எதைக் காட்டும், எதைக் காட்டாது

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் பொருத்திய என் பழைய பெட்ரோல் கார், சாலையில் ஓடும்போது எந்தக் குறையும் சொல்லாமல், சிக்னலில் நின்றால் மட்டும் குலுங்கி அணையப் பார்த்தது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தும் குணமாகாததால், எங்கோ விரிசல் வழியாக என்ஜினுக்குள் வேண்டாத காற்று நுழைகிறதோ (வேக்குவம் லீக்) என்று பார்க்க, உறிஞ்சும் விசையை அளக்கும் ஒரு வேக்குவம் கேஜும், புகையைச் செலுத்திக் கசிவைக் காட்டும் சிறிய இயந்திரம் ஒன்றும் வாங்கினேன். இந்த மதிப்புரை இயந்திரத்தைப் பற்றியதுதான் என்றாலும், கேஜ் இல்லாமல் அதை மட்டும் வாங்குவது வீண் என்பது என் கருத்து.

கேஜை, சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டிலேயே உள்ள முனையில் மாட்ட வேண்டும். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டுக்கு மேலே திறக்கும் முனையில் மாட்டினால் ஐடிலிங்கில் (கார் நிற்க என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) முள் அசையவே அசையாது. கடல் மட்டத்தில் நல்ல நிலையில் உள்ள என்ஜின் பொதுவாக 17 முதல் 22 பாதரச அங்குலம் வரை காட்டும். 1,000 அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். என் காரில் முள் துடிக்காமல் 14-இல் நின்றது. இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் முள் இப்படித்தான் நிற்கும் என்பதால், டைமிங் லைட்டை வைத்து அதைச் சரிபார்த்த பிறகே கசிவைத் தேடத் தொடங்கினேன். ஐடிலிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் விசை அதிகம். உள்ளே போகும் மொத்தக் காற்றோ மிகக் குறைவு. அந்தக் கொஞ்சத்தில் பெட்ரோல் கலக்காத காற்று ஒரு விரிசல் வழியாகச் சேர்ந்தாலும் கலவை நீர்த்துவிடும். வேகமாக ஓடும்போது அதே விரிசல் பொருட்டாகவே தெரியாது.

கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து ஐடிலிங் மாறுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பல பழைய என்ஜின்களில் இன்டேக்குக்கு நேர் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சூடாக இருக்கிறது. எரியக்கூடிய திரவத்தை அதன்மேல் தெளிப்பது தீயோடு விளையாடுவது. போதாக்குறைக்கு, ஃபேன் காற்று அந்தத் தெளிப்பை அள்ளிக்கொண்டு போய் ஏர் கிளீனரிலேயே சேர்த்துவிடும். மாறிய ஐடிலிங்கை நம்பி இணைப்பை அடைக்கும் நல்ல கேஸ்கட்டை வீணாக மாற்றிய அனுபவமும் எனக்கு உண்டு.

இந்த இயந்திரம் 12 வோல்ட் பேட்டரியில் இயங்கி, மினரல் ஆயிலைச் சூடாக்கிப் புகையாக மாற்றி, உள்ளிருக்கும் சிறு பம்ப் மூலம் ஒரு பி.எஸ்.ஐ.க்கும் குறைந்த அழுத்தத்தில் அனுப்புகிறது. என்ஜினை அணைத்து, ஆறவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரின் அழுத்தத்தை இதோடு நேரடியாக இணைத்தால் நல்ல சீல்களும் பிய்ந்துவிடும். கேஜ் மாட்டிய முனையிலேயே புகைக் குழாயை மாட்டினேன். கார்புரேட்டரின் வாயை அடைக்கக் கொடுத்திருந்த ரப்பர் கூம்பு சிறியதாக இருந்ததால், பழைய டியூபை வெட்டி மடித்து அடைக்க வேண்டியதாயிற்று. இந்த விலையில் இது மன்னிக்க முடியாத குறை.

முதலில் புகை வந்தது சைலன்சரிலிருந்து. ஏதோ பெரிய கோளாறு என்று பயந்துவிட்டேன். உண்மையில், என்ஜின் நின்ற நிலையில் ஒரு சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் சற்றே திறந்திருந்தன, அவ்வளவுதான். என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கை ஸ்பேனரால் சிறிது திருப்பியதும் அது நின்றது. விளக்கக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பிறகு, பிரேக்கை எளிதாக அழுத்த உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் மேனிஃபோல்டைச் சேரும் இடத்தில், கிளாம்ப்புக்குக் கீழே, ஊதுபத்திப் புகை போல ஓர் இழை எழுந்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புத்தம் புதியது போலிருந்தது. வளைத்துத் திருப்பியபோதுதான் அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு ரப்பர் பிளந்திருப்பது தெரிந்தது. த்ராட்டில் தகட்டைத் தாங்கும் ஷாஃப்டின் இரு முனைகளிலும் மெல்லிய புகை தெரிந்தது. தேய்ந்த கார்புரேட்டர்களில் இது சாதாரணம்; இங்கே கசிவு இருக்கிறது என்று புகை சொல்லுமே தவிர, கோளாறுக்கு அதுதான் காரணமா என்று சொல்லாது.

இதனால் பிடிக்கவே முடியாத கசிவும் உண்டு. பூஸ்டர் ஹோஸில் உள்ள ஒருவழி வால்வு, மேனிஃபோல்டிலிருந்து வரும் புகையைத் தாண்டவிடாது. ஆகவே அதற்கு அப்பால் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர்த் திரை (டயாஃப்ரம்) கிழிந்திருந்தாலும் புகை வராது. அதற்கு, என்ஜினை அணைத்துப் பிரேக்கைப் பலமுறை மிதித்துவிட்டு, பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். என்ஜின் சூடேறினால் மட்டும் விரியும் கேஸ்கட் கசிவும் ஆறிய என்ஜினில் தெரியாமல் போகலாம்.

ஹோஸை மாற்றியதும் முள் 17-க்கு ஏறியது. ஐடிலிங் ஸ்க்ரூவைத் திரும்பச் சரிசெய்ததும் குலுக்கல் நின்றது. பழைய காரைத் தானே பராமரிப்பவருக்கு இந்த இயந்திரத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே ஒரு கசிவைத் தேடுபவருக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை புகைச் சோதனை செய்துகொள்வதே போதும். வேலை முடிந்ததும் எண்ணெயை வடித்துவிட்டுத்தான் இயந்திரத்தைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நான் அப்படியே படுக்க வைத்ததில், மறுநாள் பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கிக் கிடந்தது.