கிளாக் 43-க்கு பிரேக்-ஃப்ரீ சி.எல்.பி.: சொட்டுக் கணக்கு

பிரேக்-ஃப்ரீ சி.எல்.பி. ஒரு துப்பாக்கி எண்ணெய்: சுத்தம், மசகு, துருத்தடுப்பு மூன்றுக்கும் ஒரே குப்பி. கிளாக் 43 மாதிரி சின்னக் கைத்துப்பாக்கிக்கு இதுவே தாராளம். மேகசீனை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே துப்பாக்கியைப் பிரித்தெடுங்கள். குப்பியைக் குலுக்கி, ஸ்லைடின் (மேலே முன்பின் நகரும் பகுதி) தடங்களில் தலா ஒரு சொட்டு. பேரலின் (குழல்) வெளிப்புறம் மெல்லிய பூச்சு. ட்ரிகரோடு இணைந்த பட்டையான ட்ரிகர் பாரின் பின்முனை, கனெக்டர் என்ற சிறு உலோகத் தகட்டை உரசும் மூலைதான் முக்கியம்: அங்கே ஒரு சொட்டு விடாவிட்டால் ட்ரிகர் இழுவை கெட்டிப்படும், உரசி உலோகமும் தேயும்.

தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் குழாய்க்குள் எண்ணெயே கூடாது. கரியோடு சேர்ந்து பசையாகிவிடும். ஊசியின் அடி வலுவிழந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். மேகசீனுக்குள்ளும் வேண்டாம்.

குறை? பேரலில் இறுகிய செம்புப் படிவை இது சரியாக எடுக்காது. அதற்குத் தனிக் கரைப்பான் வாங்கத்தான் வேண்டும். துடைத்தபின் பேரலின் உட்புறம் உலர்ந்திருக்க வேண்டும்.