ஜேஜு தீவைச் சுற்றிவர ஒரு முத்திரைப் புத்தகம்: வாங்கலாமா?

என் மேசை மீதிருக்கும் இந்தச் சிறு புத்தகத்தின் ஓரங்கள் உப்புக் காற்றில் சுருண்டுவிட்டன. ஒன்பதாம் வழித்தடத்துக்குரிய பக்கத்தில் மழைநீர் இறங்கி மை பரவியதால், அங்கே இருந்த முத்திரை எந்தப் படத்தைக் காட்டியது என்று இப்போது என்னாலேயே சொல்ல முடியாது. தென்கொரியாவின் ஜேஜு தீவைச் சுற்றிச் செல்லும் ஒல்லே நடைவழிக்கென விற்கப்படும் ‘ஒல்லே பாஸ்போர்ட்’ இதுதான். நாங்கள் வாங்கியபோது விலை 20,000 வோன். கொரியாவின் வெவ்வேறு நகரங்களில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள் ஐவர் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, நீண்ட வார இறுதிகளையும் மீதமிருந்த விடுப்பு நாள்களையும் சேர்த்து, ஏழு பயணங்களாகத் தீவைச் சுற்றி நடந்தோம். நடப்பதற்குக் கட்டணமே இல்லாத ஒரு பாதைக்குக் காசு கொடுத்துப் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை, இருபுறமும் கருங்கல் சுவருடன் வளைந்து செல்லும் குறுகிய சந்துக்கு ஜேஜு வட்டார வழக்கில் ‘ஒல்லே’ என்று பெயர். பத்திரிகையாளராகப் பணியாற்றிய சோ மியோங்-சுக் என்ற பெண்மணி 2006ஆம் ஆண்டு ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரைப் பாதையில் நடந்துவிட்டு வந்து, தாம் பிறந்த தீவிலும் அப்படியொன்று வேண்டும் என்று தொடங்கிய முயற்சி இது. முதல் வழித்தடம் 2007 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 21ஆம் வழித்தடம் 2012 நவம்பரில் திறக்கப்பட்டபோது தீவைச் சுற்றிய வளையம் முழுமையடைந்தது. உதோ, காபாதோ, சுஜாதோ ஆகிய சிறு தீவுகளின் தடங்களையும் தீவின் உட்பகுதிக்குள் செல்லும் கிளைகளையும் சேர்த்து இன்று 27 வழித்தடங்கள், மொத்தம் 437 கிலோமீட்டர். இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு தன்னார்வலர்களின் துணையுடன் இதைப் பராமரிக்கிறது. நுழைவுச்சீட்டு எங்கும் கிடையாது.

புத்தகம் செயல்படும் முறை எளியது. ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில் முத்திரைப் பெட்டி இருக்கும்; நடப்பவர் தாமே திறந்து, அந்தத் தடத்துக்குரிய படம் செதுக்கிய முத்திரையை மையில் ஒற்றித் தம் புத்தகத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மேற்பார்வை பார்க்க யாரும் இல்லை. எல்லாத் தடங்களையும் முடித்துப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் சான்றிதழும் பதக்கமும் தருகிறார்கள். வழி தவறாமலிருக்க நீலமும் ஆரஞ்சும் சேர்ந்த இரட்டை ரிப்பன்கள் மரக்கிளைகளிலும் மின்கம்பங்களிலும் கட்டப்பட்டிருக்கின்றன; முன்னோக்கிச் செல்வோருக்கு நீல அம்புக்குறி, எதிர்த்திசையில் வருவோருக்கு ஆரஞ்சு அம்புக்குறி. இவை தவிர, ‘கான்செ’ எனப்படும் குட்டிக் குதிரை வடிவ வழிகாட்டிகளும் உண்டு. குதிரையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும். சோம்பேறியைக் குறிக்கும் ஜேஜு வழக்குச் சொல்லிலிருந்து இந்தக் குதிரைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு நினைவுபடுத்துவேன்.

நீல அம்புக்குறியைத் தொடர்ந்து மூன்று நாள் நடந்த பிறகுதான் எங்களுள் திருவண்ணாமலைக்காரரான நண்பர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். கிழக்குக் கரையில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று பாதை செல்வதால், தீவின் நடுவிலுள்ள 1,950 மீட்டர் உயர ஹல்லா மலை எப்போதும் நம் வலக்கைப் பக்கமே இருக்கிறது. அதாவது நாங்கள் செய்துகொண்டிருந்தது முறையான வலம். பௌர்ணமி கிரிவலம் 14 கிலோமீட்டர், இது அதைப்போல் முப்பது மடங்கு. அன்று முதல் எங்கள் பேச்சில் நீலம் ‘வலம்’ என்றும் ஆரஞ்சு ‘இடம்’ என்றும் ஆகிப்போயின. ரிப்பன் கண்ணில் படாமல் குழம்பிய இடங்களில் மேகத்துக்குள் மலை எங்கே இருக்கிறது என்று தேடியே பலமுறை திசையைச் சரிசெய்துகொண்டோம்.

இனி, நண்பர்கள் குழுவுக்கு இந்தப் புத்தகம் உதவுகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே மூச்சில் முடிப்பவருக்கு இது ஒரு நினைவுப்பொருள் மட்டுமே. தவணை தவணையாக நடப்பவர்களுக்கு இதுதான் கணக்கேடு. ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு மாதம் கடந்துவிட்டால், எந்தக் கடற்கரையில் விட்டோம், யார் எந்த நாள் வரவில்லை என்பதெல்லாம் மறந்துபோகும். புத்தகத்தைத் திறந்தால் வெறுமையான கட்டம் பொய் சொல்லாமல் முகத்தைப் பார்க்கும். எங்களுள் ஒருவர் ஆய்வகத்தில் அவசர வேலை வந்து ஐந்தாம் வழித்தடத்தன்று வர இயலாமல் போனார். ‘ஒரு தடம்தானே’ என்று மற்ற நால்வரும் சமாதானம் சொன்னோம். ஆனால் அவர் அடுத்த பயணத்தில் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கி, தனியாக அதை நடந்து முடித்து, மூன்று முத்திரைகளையும் எங்கள் முன் விரித்துக் காட்டிய பிறகுதான் காலணியைக் கழற்றினார். புத்தகம் இல்லாதிருந்தால் இந்தக் குழு மூன்றாவது பயணத்தோடு கலைந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதே காரணத்தால் வந்த கெடுதலையும் மறைக்கக் கூடாது. முத்திரைப் பெட்டியைக் கண்டதும் உட்கார்ந்து இளைப்பாற வேண்டியவர்கள், ‘இன்னும் ஏழு கிலோமீட்டரில் அடுத்தது’ என்று கிளம்பினோம். சோம்பேறிக் குதிரையின் பெயரால் அமைந்த வழியில் அலுவலக இலக்கை முடிப்பவர்களைப்போல் ஓடினோம். இரண்டாம் பயணத்தில் ஒரே நாளில் இரண்டு தடங்களை முடிக்க முயன்று, ஒருவருக்குக் கணுக்கால் வீங்கி, மறுநாள் முழுவதும் ஐவரும் விடுதி அறையில் சீட்டாடியபடி கழித்ததுதான் மிச்சம். வரைபடத்தில் கடற்கரைப் பாதை என்று தோன்றினாலும் பல இடங்களில் கால் படுவது சிமென்ட் சாலையிலும் தாரிலும்தான்; ஒரு நாளைக்கு ஒரு தடம், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் என்பதைத் தாண்டாதிருப்பதே நல்லது.

எல்லாத் தடங்களும் ஒரே தரத்தில் இல்லை. வடக்கே ஜேஜு நகரத்தை ஒட்டிய பகுதிகளை வேகமாகக் கடந்துவிடலாம். முதல் வழித்தடத்தில் மால்மி என்ற சிறு எரிமலைக் குன்றின் உச்சிக்கு ஏறியதும், கருங்கல் வரப்புகள் துண்டு துண்டாகப் பிரித்த வயல்களும் அவற்றுக்கப்பால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சொங்சான் இல்சுல்போங் எரிமலை வாயும் உதோ தீவும் ஒரே பார்வையில் விரியும். கொரியாவில் பத்தாண்டுகள் இருந்தும் இப்படியொரு நிலக்காட்சியை நான் கண்டதில்லை. அந்த வரப்புகள் சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கப்பட்டவை. இடுக்குகள் வழியாகக் காற்று புகுந்து போவதால்தான் இந்தத் தீவின் காற்றுக்கும் விழாமல் நிற்கின்றன. கல், காற்று, பெண்கள் ஆகிய மூன்றும் மிகுந்த தீவு என்று கொரியர்கள் ஜேஜுவைச் சொல்வதுண்டு. மூன்றாவது மிகுதிக்குச் சான்றாக, மூச்சுக்கருவி இன்றிக் கடலில் மூழ்கிச் சிப்பியும் நத்தையும் கடற்பாசியும் எடுக்கும் ஹெனியோ பெண்களைப் பல தடங்களில் பார்க்கலாம். நீருக்கு மேலே வந்ததும் அவர்கள் விடும் மூச்சு நீண்ட சீழ்க்கையாக ஒலிக்கிறது. கரையில் நிற்பவருக்கு முதலில் அது ஏதோ கடற்பறவையின் குரல் என்றே தோன்றும். பாம்பன் பக்கத்திலிருந்து வந்த எங்கள் நண்பர் அன்று வெகுநேரம் பேசவில்லை. அவருடைய ஊரிலும் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் மூழ்குகிறார்கள், ஆனால் அவர்களுக்கென அருங்காட்சியகம் எதுவும் அவர் அறிந்தவரை இல்லை. இங்கே 20ஆம் தடம் முடிந்து 21ஆம் தடம் தொடங்குவதே ஹெனியோ அருங்காட்சியகத்தில்தான். 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோ அவர்களது பண்பாட்டை மானுடத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

பலரும் ஏழாம் தடத்தையே சிறந்ததாகச் சொல்கிறார்கள். அலைகள் அரித்துத் தனித்து நிற்கும் ஒயிதோல்கே பாறைத் தூணும் பனைமர நிழலும் அழகுதான். கூட்டமும் அதே அளவுக்கு உண்டு. என் தேர்வு பத்தாம் தடம். ஹ்வாசுன் கடற்கரையில் தொடங்கிச் சான்பாங் மலையின் அடிவாரத்தைக் கடந்து சொங்காக் மலை வரை கண்ணுக்கு விருந்தாகச் செல்லும் பாதை, அதன்பின் திடீரெனச் சமவெளி வயல்களுக்குள் திரும்புகிறது. அங்கே ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் தீவு மக்களைக் கட்டாய வேலை வாங்கிக் கட்டிய விமானத் தளத்தின் கான்கிரீட் கொட்டகைகள், பயிர் வரிசைகளுக்கிடையே புல் முளைத்த முதுகுகளுடன் குனிந்திருக்கின்றன. பக்கத்திலுள்ள சொத்தால் குன்றில், கொரியப் போர்க்காலமான 1950 ஆகஸ்டில், விசாரணையின்றிப் பிடித்துவைக்கப்பட்ட ஊர்மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுற்றுலாப் பாதையொன்று இந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வளைந்து போயிருக்கலாம். நேராக அதன் வழியே அழைத்துச் செல்கிறார்கள் என்பதற்காகவே இந்த அமைப்பின் மீது எனக்கு மதிப்பு கூடியது.

உணவைப் பொறுத்தவரை அசைவம் உண்பவர்களுக்குக் கவலையில்லை. பன்றி இறைச்சி நூடுல்ஸும் சிப்பிக் கஞ்சியும் எல்லா ஊரிலும் கிடைக்கும். எங்களுள் சைவ உணவுக்காரர் ஒருவர் இருந்ததால்தான் சிக்கல். கிம்ச்சியிலும் மீன் சாறு இருக்கும் என்பதால் அவர் முதல் இரண்டு பயணங்களை வாழைப்பழத்திலும் தாம் சுமந்து வந்த புளிக்காய்ச்சலிலும் ஓட்டினார். பிறகு ஒரு சந்தையில் ‘பிங்தொக்’ கண்ணில் பட்டது. தட்டைக்கல்லில் கோதுமை ரவைத் தோசையைப்போல் மெல்லியதாக ஒரு மாவை ஊற்றி, வெந்த முள்ளங்கித் துருவலை நடுவில் வைத்துப் பாய்போல் சுருட்டிக் கொடுக்கிறார்கள். மாவு பக்வீட் எனப்படும் தானியத்தினுடையது. உப்பும் நல்லெண்ணெயும் தவிர வேறு சுவை சேர்க்காததால் முதல் கடியில் சப்பென்றிருக்கும். அதற்குள் புளிக்காய்ச்சலைத் தடவி அவர் சாப்பிட்டதைக் கடைக்காரப் பாட்டி கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, விரல் நுனியால் தொட்டுச் சுவைத்து, இன்னும் இரண்டு பிங்தொக்கைக் காசு வாங்காமல் தட்டில் வைத்தார்.

ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பெட்டிகளைக் கொண்டுசேர்க்கும் சேவைகளும் உண்டு. நாங்கள் அமர்த்திய ஒன்று, பெயர் ஒத்திருந்த வேறொரு விடுதியில் எங்கள் பைகளை இறக்கிவிட்டுப் போய்விட, நனைந்த உடையுடன் இரவு ஒன்பது மணி வரை காத்திருந்தோம். விடுதியின் கொரிய எழுத்துப் பெயரையும் முகவரியையும் அட்டையில் எழுதிப் பையிலேயே கட்டிவிட்டால் இந்தத் தொல்லை வராது. அதன்பின் எங்களுக்கு வரவில்லை. நாங்கள் நடந்த நாள்களில் கூகுள் வரைபடம் கொரியாவில் நடைவழி காட்டவில்லை. கொரியச் செயலியான நேவர் வரைபடத்தைப் பதிந்துகொண்டு செல்வதே உத்தமம். கிழக்குக் கரைக்கு 201, மேற்குக் கரைக்கு 202 என்ற இரண்டு பேருந்து எண்களை மனப்பாடம் செய்துகொண்டால், பெரும்பாலான தடங்களின் தொடக்கத்துக்கு வாடகைக்கார் இல்லாமலே போய்ச் சேரலாம். ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை வரை மழைக்காலம், அதன்பின் புயல்கள். ஏப்ரலும் அக்டோபரும் நவம்பரும்தான் நடப்பதற்கு உகந்தவை.

புத்தகத்தை வாங்குங்கள், ஆளுக்கொன்றாகவே வாங்குங்கள். குழுவுக்கு ஒன்று போதும் என்று நினைத்தால் முதல் விடுபட்ட நாளிலேயே கணக்கு குழம்பும். வாங்கிய அன்றே அதற்கொரு பிளாஸ்டிக் உறையும் வாங்கிவிடுங்கள். காகிதத்தை நம்பி மழையில் இறங்கியது என் தவறு.

எங்களுள் நால்வர் சொக்விப்போவிலுள்ள ஒல்லே மையத்தில் பதக்கம் வாங்கிக் கழுத்தில் போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்கள். படத்தை எடுத்தது நான். சுஜாதோ தீவுக்கு அவர்கள் போன வாரம் எனக்குக் காய்ச்சல். அடுத்த முறை நான் மட்டும் துறைமுகத்துக்குப் போனபோது காற்று மிகுதியென்று படகை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தீவுக்குரிய 18-1, 18-2 என்ற இரண்டு பக்கங்களும் இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றன. அக்டோபர் முதல் வாரத்துக்குப் படகுச் சீட்டு எடுத்திருக்கிறேன். ஐந்தாம் தடத்தைத் தனியாக நடந்த நண்பர், கேட்காமலே, தமக்கும் ஒன்று எடுத்துவிட்டார்.