ரிலே போர்டும் டிஎம்-லாக்-ரைட்ஸும்: மூன்று வருட அனுபவம்

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் எங்கள் அலுவலகம். கட்டடங்களில் மாட்டும் மின்சாரப் பதிவுப் பெட்டிகள் செய்கிறோம்; உள்ளே லினக்ஸ்; கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்க எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. மாட்டிய இடத்தில் யாராவது வேக்குவம் செருக எங்கள் பிளக்கைப் பிடுங்குவார்கள். அதைத் தடுக்க முடியாது, தாங்கத்தான் வேண்டும்.

முதலில் சிம் லிம் டவரில் வாங்கிய ரிலே போர்டை (கணினி சொன்னபடி இயங்கும் சுவிட்ச் அட்டை) வைத்துத்தான் சோதித்தோம். ஸ்கிரிப்ட் கரண்ட்டை வெட்டும், திரும்பக் கொடுக்கும், பெட்டி எழுந்ததா என்று பார்க்கும். சுற்றுக்கு இரண்டு நிமிடம். இரவெல்லாம் ஓடினால் முந்நூறு சுற்று. எல்லாம் பாஸ். ஆனாலும் வெளியே அவ்வப்போது ஒரு பெட்டி, அமைப்புக் கோப்பு (செட்டிங்ஸ்) 0 பைட்டாகி, செத்துக் கிடக்கும்.

அப்போதுதான் டிஎம்-லாக்-ரைட்ஸுக்கு மாறினேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கும் சோதனைக் கருவி அது. ஜோசப் பாசிக் எழுதியது, 2015-இல் லினக்ஸ் 4.1-இல் சேர்ந்தது. வட்டுக்குப் போகும் ஒவ்வொரு ரைட்டையும் தரவோடு இன்னொரு வட்டில் பதிந்துகொள்ளும். ஃபிளஷ் (வந்ததையெல்லாம் நிரந்தரமாக எழுதிவிடு என்று வட்டுக்குச் சொல்லும் கட்டளை) வந்தால், அதற்கு முன் முடிந்த ரைட்டுகளை அதோடு சேர்த்துப் பதியும். பிறகு கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் உள்ள ரீப்ளே-லாக் கருவியால் எந்த இடம் வரை வேண்டுமோ அதுவரை மட்டும் ஓட்டி, "இந்த நொடியில் கரண்ட் போயிருந்தால்?" என்று பார்க்கலாம். ரிலே ஓர் இரவில் பார்க்கும் முந்நூறு நொடியும் குருட்டாம்போக்கு. இங்கே ஒரு ஃபிளஷைக்கூட விடாமல் பார்க்கலாம்.

0 பைட் மர்மம் இரண்டாம் நாளே உடைந்தது. எங்கள் நிரல் தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் (நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதி முடி என்று கேட்பது) செய்யாமலே ரீநேம் செய்தது. தரவு இன்னும் நினைவகத்தில். அதற்குள் பக்கத்தில் ஓடும் தரவுத்தளம் தன் கோப்புக்கு எஃப்சிங்க் கேட்க, எக்ஸ்எஃப்எஸ் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் வட்டுக்குப் போனது. எங்கள் ரீநேமும் கூடவே ஏறிக்கொண்டது. பெயர் மாறிவிட்டது, உள்ளே ஒன்றுமில்லை. இதே நிரல் என் மடிக்கணினியில் இத்தனை நாள் தப்பித்ததற்குக் காரணம் அதில் உள்ள எக்ஸ்ட்4 என்ற வேறொரு கோப்பு முறைமை. இப்படி ரீநேம் செய்பவர்களுக்காக அது தரவை முன்கூட்டியே தள்ளிவிடும். நல்ல மனசுதான், ஆனால் எங்கள் தப்பை மூடி மறைத்துவிட்டது.

அதைச் சரிசெய்ததும் அடுத்தது வந்தது: "சேமித்தாயிற்று" என்று திரையில் காட்டிய பிறகும் பழைய அமைப்பே திரும்பியது. கோப்பின் பெயரை வைத்திருக்கும் அடைவுக்கும் (ஃபோல்டர்) எஃப்சிங்க் வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

எரிச்சலூட்டியவையும் உண்டு. பதிவு வட்டு நிரம்பினால் கர்னல் செய்தியில் ஒரு வரி போட்டுவிட்டுப் பதிவை நிறுத்திவிடும். சோதனை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். ஒரு வார இறுதி ஓட்டம் அப்படியே வீணானது. இன்னொன்று இன்னும் மோசம். ஒரே வட்டில் முன்னே ஓட்டிவிட்டு, பின்னோக்கிப் போய் மறுபடி ஓட்டினேன். பழைய ஓட்டத்தின் புதிய மெட்டாடேட்டா (கோப்புகளைப் பற்றிய குறிப்புகள்) அங்கேயே கிடக்க, லாக்கைப் படித்துச் சரிசெய்யும் எக்ஸ்எஃப்எஸ் மீட்பு அதன் வரிசை எண்ணைப் பார்த்து "இது ஏற்கெனவே புதுசு" என்று தாண்டிப் போனது. இல்லாத பிழையை நான்கு நாள் துரத்தினேன். இப்போது டிஎம்-தின் என்ற மெய்நிகர் வட்டின் மேல் ஓட்டி, ஒவ்வொரு முறையும் காலி வட்டிலிருந்து தொடங்குகிறேன். மவுண்ட் செய்வதும் (திறந்து பார்ப்பதும்) அதன் நகலான ஸ்னாப்ஷாட்டில் மட்டுமே.

எதைச் சோதிப்பது என்பதற்கு கிராஷ்மங்கியிடம் கடன் வாங்கினேன். கரண்ட் போவதுபோன்ற திடீர் நிறுத்தங்களில் கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் கருவி; டெக்சஸ் பல்கலைக்கழகக் குழு 2018-இல் வெளியிட்டது அது. முன்பு தெரிந்த பிழைகளில் பெரும்பாலானவை புதிய கோப்பு முறைமையில் மூன்று செயல்களுக்குள் வெளிவந்தன என்பது அவர்கள் கண்டது. நீளமான சோதனைகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ரிலேயை மட்டும் தூக்கிப் போடவில்லை. போன வருடம் விலை மலிவாக ஒரு எஸ்எஸ்டி வாங்கினோம். லாக்-ரைட்ஸில் சுத்தமாகத் தேறியது, ரிலேயில் பத்தாவது வெட்டிலேயே மாட்டிக்கொண்டது: ஃபிளஷுக்கு "ஆச்சு" என்று சொல்லும், தரவு எழுதப்பட்டிருக்காது. கர்னலுக்குள் நின்று பார்க்கும் கருவிக்கு இது தெரிய வழியே இல்லை.

பக்கத்து மேசைத் தம்பி மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறான்: "அண்ணே, இந்த ரிலே டக் டக் எப்ப நிக்கும்?"