பாண்டி பஜார் பெடஸ்ட்ரியன் பிளாசா: புருஷன் உக்கார பெஞ்ச் இருக்கு, அதுலயே பாதி வியாபாரம் நடக்குது

கடைக்கு ரிவ்யூ எழுதறாங்க, ஹோட்டலுக்கு எழுதறாங்க, நீ என்னம்மா ரோட்டுக்கு எழுதறன்னு என் பையன் கேக்கறான். டேய் இதுவும் நம்ம காசுல வாங்குன பொருள் தான்டா, கிட்டத்தட்ட 40 கோடி ரூபா, மிக்ஸி வாங்குனா மட்டும் அஞ்சு பேர் ரிவ்யூ படிக்கறோம்ல. அதனால எழுதறேன். போன வாரம் அம்மாவ கூட்டிக்கிட்டு ஒரு நாள் முழுக்க அங்கயே சுத்துனோம், அம்மாவுக்கு 71 வயசு, முட்டி ரெண்டும் வேல செய்யாது, ஒரு ரோடு நல்லாருக்கா இல்லையான்னு சொல்ல அம்மாவ விட பெரிய மெஷின் கெடையாது.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். தி.நகர்ல பனகல் பார்க்லேர்ந்து தணிகாசலம் ரோடு வரைக்கும் போற தியாகராயா ரோட்டத்தான் நாம பாண்டி பஜார்னு சொல்றோம். 2019 நவம்பர்ல ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல ரெடி பண்ணி அப்போ முதலமைச்சரா இருந்த எடப்பாடி பழனிசாமி திறந்து வெச்சாரு. பிளாசான்னு பேர் வெச்சதால வண்டியே வராதுன்னு நெனச்சு நெறைய பேரு ஏமாறாங்க. வண்டி வரும். என்ன, வண்டி போற எடத்த ஒடுக்கிட்டு ரெண்டு பக்கமும் பிளாட்பாரத்த அகலப்படுத்திட்டாங்க, அவ்ளோதான். கட்டறதுக்கு முன்னாடியே ரோட்ட மறிச்சு வண்டி இல்லாம விட்டு சோதனையெல்லாம் பண்ணி பாத்தாங்க, அத நான் நேர்ல பாத்துருக்கேன், நடு ரோட்டுல பசங்க ஓடி விளையாடுனாங்க, அது மாதிரியே நெரந்தரமா இருக்கும்னு நெனச்சேன், இல்ல.

முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு சொன்னா தான் இப்ப என்னன்னு புரியும். நான் காலேஜ் படிக்கறப்போ பாண்டி பஜார் பிளாட்பாரம்னா அதுல நடக்க முடியாது, அது பிளாட்பாரம் கடைங்களோட ஊரு. கம்மல், வளையல், கைக்குட்ட, நைட்டி, பூ, கிளிப்பு, நெயில் பாலிஷ், எல்லாம் ரெண்டு பக்கமும் தொங்கும், நடுவுல ஒரு ஆளு சைடா திரும்பி போற அளவுக்கு வழி. நடக்கணும்னா ரோட்டுல எறங்கணும், எறங்குனா நிறுத்தி வெச்ச பைக்கு, அதத் தாண்டுனா ஆட்டோ, அதுக்கப்பறம் பஸ். அம்மா என் கைய பிடிச்ச பிடியில வளையல் உடைஞ்ச கதையெல்லாம் இருக்கு. 2013ல அந்த பிளாட்பாரம் கடைக்காரங்கள மாநகராட்சி கட்டுன காம்ப்ளெக்ஸுக்கு மாத்துனாங்க. அத பத்தி கீழ சொல்றேன், அது தனி வருத்தம்.

இப்ப இந்த வாட்டி அனுபவத்துக்கு வர்றேன். தாம்பரத்துலேர்ந்து எலக்ட்ரிக் ட்ரெயின்ல மாம்பலம், அங்கேர்ந்து ரங்கநாதன் தெருவுக்குள்ள அம்மாவ கூட்டிட்டு போக எனக்கு தைரியம் இல்ல, ஆட்டோ பிடிச்சு பனகல் பார்க் பக்கம் எறங்குனோம். அங்கேர்ந்து அம்மா நடந்தாங்க. நடந்தாங்கன்னா நெஜமாவே நடந்தாங்க, என் கைய பிடிக்காம, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டே. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா மெட்ராஸ்ல ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டே நடக்கற மாதிரி எத்தன பிளாட்பாரம் இருக்கு சொல்லுங்க, பெசன்ட் நகர் பீச் பக்கம் விட்டா எனக்கு சட்டுனு எதுவும் வரல. தூங்குமூஞ்சி மரங்கள வெட்டாம விட்டுருக்காங்க, நல்ல வேள, அந்த நெழல் இல்லனா மதியம் ரெண்டு மணிக்கு அந்த கல்லு தரை தோசைக்கல்லு.

கொஞ்ச தூரத்துக்கு ஒண்ணு உக்கார எடம் போட்டுருக்காங்க. அம்மா நாலு எடத்துல உக்காந்தாங்க. உக்காந்த நாலு எடத்துலயும் எதுத்தாப்ல இருந்த கடையில ஏதோ ஒண்ணு வாங்கிட்டோம், இத வீட்டுக்கு வந்து பையப் பிரிக்கறப்போ தான் கவனிச்சேன். ஒரு எடத்துல ஜூஸு, ஒரு எடத்துல எவர்சில்வர் டப்பா, ஒரு எடத்துல பேரனுக்கு சட்ட, கடைசியா செருப்பு. செருப்பு வாங்கற ஐடியாவே இல்ல. சும்மா உக்காந்து பாத்துட்டே இருந்தா கண்ணு தேடிக்கும் போல.

ஆனா உண்மையான விஷயம் அந்த பெஞ்ச்ல உக்காந்துருக்கற ஆம்பளைங்க தான். நீங்க அடுத்த வாட்டி போனா எண்ணிப் பாருங்க. மடியில ரெண்டு பை, கையில போன், மூஞ்சில ஒரு சரணாகதி. எல்லாரும் புருஷன்மாரு, உள்ள பொண்டாட்டி புடவ பாத்துட்டு இருக்காங்க. முன்னாடி இந்த ஆளு என்ன பண்ணுவாரு, பைக்க விட்டு எறங்கவே மாட்டாரு, போலீஸ் வண்டி வந்து தூக்கிட்டு போயிடுமோன்னு பயத்துலயே நிப்பாரு, பத்து நிமிஷத்துக்கு ஒரு வாட்டி போன் பண்ணி ஆச்சா ஆச்சான்னு உயிர எடுப்பாரு, அதுல கைல கெடச்சத வாங்கிட்டு ஓடி வரணும். இப்ப அவர் உக்காந்துட்டாரு. மூணு கடை ஏறி எறங்கலாம். எந்த நிபுணரும் இத ரிப்போர்ட்ல எழுதிருப்பாங்களான்னு தெரியல, ஆனா தி.நகர் வியாபாரத்துக்கு அந்த பெஞ்ச் பண்ணது எந்த ஆடித் தள்ளுபடியும் பண்ணல, இது என் கருத்து.

இதுக்கு எதிர் கட்சி என் சித்தப்பா. அவர் அந்த ரோட்டுல ஒரு ஜவுளிக் கடையில 22 வருஷம் சேல்ஸ்ல இருந்தவரு, ரிட்டயர்டு. சாயங்காலம் அவர் வீட்டுக்கு போயி இந்த கதைய சொன்னா, "நீ செருப்பு வாங்குன கதைய சொல்ற மா, கல்யாணப் புடவைக்கு வர்றவங்க கதை வேற"ன்னாரு. அதுலயும் ஞாயம் இருக்கு. முகூர்த்தப் புடவ எடுக்க ஒரு குடும்பமே கார்ல வரும், பாட்டி, அத்தை, சம்பந்தி, எட்டு பேரு, வாசல்ல எறங்கி வாசல்லயே ஏறணும், லட்ச ரூபா பில்லு. அவங்கள காரை எங்கயோ விட்டுட்டு நடந்து வாங்கன்னா அவங்க வேற ஏரியாவுக்கு போயிடுவாங்கன்றது கடைக்காரங்க பயம். இதுக்குன்னு தணிகாசலம் ரோட்டுல மல்டிலெவல் பார்க்கிங் கட்டிருக்காங்க, ஆனா நம்ம ஆளுங்களுக்கு கார விட்டு எறங்குனா கடை தெரியணும், அந்த புத்தி மாற நாளாகும்.

அப்பறம் அவரே சிரிச்சுக்கிட்டு இன்னொண்ணு சொன்னாரு பாருங்க, அதுக்காகவே இந்த ரிவ்யூ. "அப்ப கடை வாசல்ல நின்ன வண்டில பாதி எங்க வண்டி தான் மா"ன்னாரு. அதாவது கடை ஸ்டாஃபு பைக்கு, மேனேஜர் ஸ்கூட்டரு, முதலாளி காரு. காலைல பத்து மணிக்கு விட்டா ராத்திரி கடை அடைக்கறப்போ தான் எடுக்கறது. கஸ்டமருக்கு பார்க்கிங் இல்லன்னு சண்ட போட்டவங்க கஸ்டமர் எடத்துல தாங்களே பத்து மணி நேரம் நிறுத்தி வெச்சுருந்தாங்க. ஒரு கார் நிக்கற நீளம் ஒரு சின்ன கடையோட வாசல் அகலம், அந்த எடத்துல ஒரு மணி நேரத்துல எத்தன பேரு நடந்து போவாங்க, யோசிச்சு பாருங்க.

சரி, அப்போ பிளாசாவால வியாபாரம் ஏறுச்சா எறங்குச்சா? ஏறுச்சுன்னு அடிச்சு சொல்றவங்களையும் நம்பாதீங்க, செத்துப்போச்சுன்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க. 2019 நவம்பர்ல திறந்தாங்க, 2020 மார்ச்ல லாக்டவுன். முழுசா ஒரு தீபாவளி சீசன் கூட பாக்கல, தீபாவளி அந்த வருஷம் திறப்பு விழாவுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. அதுக்கப்பறம் 2021 நவம்பர் மழ, தி.நகரே மெதந்துச்சு, இவ்ளோ செலவு பண்ணி தண்ணி போக வழி இல்லையான்னு ஊரே கேட்டுச்சு. அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள ரெண்டாங்கட்ட மெட்ரோ வேல, பனகல் பார்க்ல அண்டர்கிரவுண்டு ஸ்டேஷன், அந்த பக்கமெல்லாம் நீல தகரம் அடிச்சு வண்டிய சுத்தி விட்டாங்க. நடுவுல எல்லாரும் போன்லயே டிரெஸ் வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. இத்தனையும் நடந்த ஒரு தெருவுல வியாபாரம் கொறஞ்சதுக்கு பிளாட்பாரத்த அகலப்படுத்துனது தான் காரணம்னா எப்படிங்க.

இன்னொண்ணு, 2021 மே மாசத்துலேர்ந்து லேடிஸுக்கு சாதாரண பஸ்ல டிக்கெட் இல்ல. எங்க தெருவுல பூ கட்ற அக்கா, முன்னாடி தி.நகர்னா தீபாவளிக்கு ஒரு வாட்டி, இப்ப மாசத்துக்கு ஒரு வாட்டி போறாங்க, நூறு இருநூறுக்கு வாங்கறாங்க. பஸ்ஸ விட்டு எறங்குனவங்க எல்லாரும் நடக்கறவங்க தான? அவங்களுக்கு நடக்க எடம் இருந்தா சின்ன கடைக்கு லாபம். பெரிய கடை முதலாளி கண்ணுக்கு இந்த இருநூறு ரூபா கஸ்டமர் தெரிய மாட்டாங்க, அதான் பிரச்சன.

இப்ப கொறை. நெறைய இருக்கு, கோவமாவே எழுதறேன். பிளாட்பாரத்து மேல பைக் வருது. நாங்க உக்காந்துருக்கறப்போ ஒரு டெலிவரி தம்பி ஹாரன் அடிச்சுக்கிட்டு பின்னாடி வரான், பிளாட்பாரத்துல, ஹாரன்! அம்மா பதறிப்போயி எந்திரிச்சுட்டாங்க. வண்டி ஏறக் கூடாதுன்னு குட்டத் தூணுங்க நட்டுருக்காங்க, சில எடத்துல அது சாஞ்சு போச்சு, சில எடத்துல காணோம், அந்த ஓட்ட வழியா ஏறிடறாங்க. கல்லு அங்கங்க பேந்து கெடக்கு, பாத்து நடக்கலன்னா கட்ட வெரல் காலி. கேபிள் வேலைக்கு தோண்டுனா திரும்ப அதே மாதிரி கல்ல பதிக்க யாருக்கும் மனசு வராது போல, சிமெண்ட்ட பூசிட்டு போயிடறாங்க. கட்டறதுக்கு 40 கோடி இருக்கு, கட்டுனத பாத்துக்க ஒரு மேஸ்திரி இல்லையா? நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமைன்னு 2014லயே கொள்கை போட்ட மாநகராட்சி இது, போக்குவரத்து பட்ஜெட்ல 60 சதவீதம் அதுக்குன்னு எழுதி வெச்சாங்க. எழுதுனவங்க ஒரு நாள் அம்மா கூட நடந்து வரணும்.

டாய்லெட். இத ஆம்பளைங்க ரிவ்யூல யாரும் எழுத மாட்டாங்க, அதனால நான் எழுதறேன். நாலு மணி நேரம் ஒரு எடத்துல சுத்தணும்னா, அதுவும் சுகர் இருக்கற அம்மாவோட, மொத கேள்வி அதான். கடைசில ஒரு ஹோட்டல்ல காபி சொல்லிட்டு தான் போனோம். காபி சுமார், ஆனா அது காபிக்கு குடுத்த காசு இல்லன்னு வெச்சுக்கோங்க.

பிளாட்பாரம் கடைங்க பத்தி சொல்றேன்னு சொன்னேன்ல. 2013ல அவங்கள காம்ப்ளெக்ஸ் உள்ள மாடி மாடியா ஏத்தி விட்டாங்க. கம்மலும் ஹேர் கிளிப்பும் யாராவது திட்டம் போட்டு மாடி ஏறி வாங்குவாங்களா? அது கண்ல பட்டு வாங்கற சாமான். கீழ தளத்துல கொஞ்சம் ஆள் இருந்தாங்க, நான் மேல ஏறி பாத்தேன், பாதி ஷட்டர் மூடி கெடக்கு, ஒரு அம்மா தனியா உக்காந்து, வா கண்ணு பாரு கண்ணுன்னு கூப்பிட்டாங்க. நடக்க எடம் இல்லன்னு அவங்கள தூக்குனோம், ஆறு வருஷம் கழிச்சு ஊரே நடக்கற மாதிரி எடம் வந்துச்சு, அந்த கூட்டத்துக்கு தான் அவங்க ஆயுசு பூரா காத்துருந்தாங்க, அவங்க மாடில இருக்காங்க. இப்ப வேற ஆளுங்க கீழ வந்து மொபைல் கவரு, கண்ணாடி, பொம்மன்னு விரிச்சுட்டாங்க, அப்பப்ப வந்து வெரட்டறாங்க, திரும்ப வர்றாங்க. இவ்ளோ அகலத்துல கோடு போட்டு, நெழல்ல, இத்தன பேருக்குன்னு எடம் ஒதுக்குனா என்ன கொறஞ்சுடும்? தெருவோர வியாபாரிங்களுக்குன்னு 2014லயே தனி சட்டம் இருக்கே. அந்த அம்மாகிட்ட ரெண்டு ஜோடி கம்மல் வாங்குனேன், பேரமே பேசல, நான் பேரம் பேசலன்னு எங்கம்மாவுக்கு இன்னும் ஆச்சரியம்.

உள்ள தெருவுல வீடு இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்த. மெயின் ரோட்டுலேர்ந்து வெரட்டுன வண்டியெல்லாம் அவங்க கேட்டு முன்னாடி தான் நிக்குது. நோ பார்க்கிங் போர்டு, அதுக்கு கீழ பூந்தொட்டி, அதுக்கு பக்கத்துல ஒரு கார். சித்தப்பா வீடும் அப்படி ஒரு தெரு தான், நாங்க கெளம்பறப்போ அவர் ஸ்கூட்டர வெளிய எடுக்க யாரோட காரோன்னு தெரியாம கால் மணி நேரம் நின்னாரு.

போறவங்களுக்கு: ஞாயித்துக்கிழமையும் ஆடி மாசமும் வேண்டாம், வார நாள்ல சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க, வெயில் தணிஞ்சு லைட் போடறப்போ ரோடு நெஜமாவே அழகு. மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து 2023ல திறந்த ஸ்கைவாக் இருக்கு, 570 மீட்டர், லிஃப்டும் இருக்கு, ரங்கநாதன் தெரு நெரிசல்ல மாட்டாம போயிடலாம், ஆனா அது எறக்கி விடறது பஸ் ஸ்டாண்டு பக்கம், பாண்டி பஜார் அங்கேர்ந்து இன்னும் நல்ல நட. ரெண்டையும் ஒழுங்கா ஒரு நெழல் பாதையால சேத்துருந்தா ஆட்டோவுக்கு குடுத்த காசு எனக்கு மிச்சம்.

அஞ்சுக்கு மார்க்கு: நடக்க நாலு, உக்கார நாலு, பராமரிப்புக்கு ஒண்ணரை, டாய்லெட்டுக்கு முட்ட. அம்மாகிட்ட எவ்ளோ குடுப்பன்னு கேட்டேன். அந்த செருப்ப மாத்தணும், அளவு சரியில்ல, அடுத்த வாரம் திரும்ப போலாம்னாங்க.