பேர்த்து நகர்த்துறதா, வெடி வெச்சு தகர்க்குறதா?

போன ஞாயிறு சாயங்காலம் சிங்கப்பூர் எஸ்பிளனேட் பார்க்ல நடந்துட்டு இருந்தோம், ஐஎன்ஏ (நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம்) நினைவுப் பலகை முன்னாடி நின்னு என் பொண்ணு கேட்டா, "சரிப்பா, சின்னம் எங்க?" சின்னம் இல்லம்மா, இது சின்னம் இருந்த இடம்னு சொல்லும்போதே எனக்கு தாலின்ல இருக்குற வெண்கலச் சிப்பாய் ஞாபகம் வந்துடுச்சு.

எஸ்டோனியா தலைநகர் தாலின்ல 1947ல சோவியத்காரங்க வெச்ச சிலை அது, ஹெல்மெட்டை கையில புடிச்சுட்டு தலையைக் குனிஞ்சு நிக்கிற சிப்பாய். ரஷ்ய மொழிக்காரங்களுக்கு நாஜிகளை விரட்டினவன், எஸ்டோனியர்களுக்கு 1944ல உள்ள வந்துட்டு வெளிய போகாதவன். அவங்க எடுத்தவுடனே நகர்த்திடலங்க, அதை கவனிக்கணும். சோவியத்கிட்டேர்ந்து சுதந்திரம் வந்ததும் முதல்ல அணையா விளக்கை அணைச்சாங்க, அப்புறம் பொதுவா போர்ல இறந்தவங்களுக்குன்னு பலகை வாசகத்தை மாத்தினாங்க, ஒண்ணும் எடுபடல. கடைசியா 2007 ஏப்ரல்ல இடத்தை வேலி போட்டு மறைச்சு, ராத்திரியோட ராத்திரியா பேர்த்து, சில நாள்லயே ராணுவக் கல்லறைத் தோட்டத்துல நிறுத்திட்டாங்க, பழைய இடத்துல சிலைக்குப் பக்கத்துல புதைஞ்சிருந்தவங்க எலும்பையும் தோண்டி எடுத்தாங்க. ரெண்டு ராத்திரி கலவரம், ஒரு உயிர் போச்சு, பேங்க், அரசாங்க வெப்சைட் எல்லாம் சைபர் தாக்குதல்ல படுத்துடுச்சு.

நம்ம சிங்கப்பூர் கதை சுருக்கம். 1945 ஜூலை 8 அன்னிக்கு ஐஎன்ஏ சின்னத்துக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார், ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்னு அர்த்தம் வர்ற மூணு உருது வார்த்தை அதுல இருந்துச்சு. செப்டம்பர்ல பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்த கையோட அவங்க தளபதி மவுண்ட்பேட்டன் உத்தரவுல வெடி வெச்சுட்டாங்க. அவங்களுக்கு ஐஎன்ஏ துரோகிப் படை, ஜப்பான்காரன்கிட்ட அடிபட்ட சீனக் குடும்பங்களுக்கும் ஐஎன்ஏ ஜப்பானோட வெச்சிருந்த கூட்டணி கசப்புதான், அதையும் ஒத்துக்கணும். 1995லதான் தேசிய மரபுடைமைக் கழகம் பலகை வெச்சுச்சு.

மூணாவது வழி, இருக்குற இடத்துலயே விட்டுட்டு எழுத்தை மட்டும் சேர்க்குறது. பார்க்குல பக்கத்துலயே செனோடாஃப்னு போர் நினைவுச் சின்னம் இருக்கே, 1922ல முதல் உலகப்போருக்காகத் திறந்தது, பின்பக்கத்துல ரெண்டாம் போரையும் சேர்த்துட்டாங்க. அழகா இருக்கு, ஆனா ரெண்டு போர்லயும் ஜெயிச்சவன் ஒரே ஆள், சண்டை போட யாரும் இல்ல, அதனால நடந்துச்சு. தாலின்ல இதே வைத்தியம் தோத்துப் போச்சே.

என் கட்சி நகர்த்துறதுதான், கொஞ்சம் முணுமுணுப்போட. ராத்திரி வேலை செஞ்சது தப்பு, எங்க போகுது, எப்ப போகுதுன்னு பட்டப்பகல்ல சொல்லிட்டு செஞ்சிருக்கணும். ஆனா போய்ச் சேர்ந்த இடம் சரி. கல்லறையில நிக்கிற சிப்பாய் நகரத்தை அதட்டுறவன் மாதிரி தெரியல, செத்தவங்களுக்கு துக்கம் காக்குறவன் மாதிரிதான் தெரியுது, மே 9, அதாவது நாஜிகளை ஜெயிச்ச நாள் வந்தா ரஷ்யக்காரங்க அங்கயும் கார்னேஷன் பூவோட போறாங்க.

எங்க தாத்தா ஜோகூர் ரப்பர் எஸ்டேட்ல பால் மரம் வெட்டிட்டு இருந்தவர், ஐஎன்ஏல சேர்ந்தார். 80கள்ல ஒருதடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப ஐஎன்ஏ சின்னம் இருந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னார். அப்ப பலகைகூட கிடையாது. இங்கதானே, இல்ல அந்த மரத்துக்கிட்டயான்னு புல்லுல ரெண்டு மூணு இடம் மாத்தி மாத்தி நின்னு பார்த்துட்டு, கடைசியில செருப்பை எங்க கழட்டுறதுன்னு தெரியாம கையிலயே வெச்சுட்டு நின்னார்.