மேன்டிலின் இரு அட்டைகள்: 1951 போமனா, 1952 டாப்ஸா?

நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் முதல் அட்டையாகச் (வீரரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை) சேகரிப்பாளர்கள் கொள்வது, 1951இல் போமன் நிறுவனம் வெளியிட்ட 253ஆம் எண் அட்டையைத்தான். ஆயினும் ஓராண்டு பிந்தி வந்த டாப்ஸ் நிறுவனத்தின் 311ஆம் எண் அட்டையே பன்மடங்கு விலை பெறுகிறது. 2022 ஆகஸ்டில் அதன் ஒரு பிரதி 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

இதற்கு அளவு ஒரு காரணம்: போமன் அட்டை சுமார் இரண்டு அங்குல அகலமே கொண்டது, டாப்ஸ் அட்டையோ 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமுமாகக் கண்ணை நிறைப்பது. மற்றொரு காரணம் அதைச் சூழ்ந்த கதை. ஆட்டப் பருவத்தின் கடைசியில் வந்ததால் விற்காமல் தேங்கிய, அந்த அட்டை இடம்பெற்ற வரிசையின் பெட்டிகளை, 1960 வாக்கில் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கர் பின்னாளில் கூறினார். வேடிக்கை என்னவென்றால், மேன்டிலின் படம் ஒரே அச்சுத்தாளில் இருமுறை இடம்பெற்றிருந்ததால், அதே வரிசையின் பல அட்டைகளைவிட அது அரிதானதன்று.

மறுவிற்பனையை எண்ணி வாங்குவோருக்கு டாப்ஸ் பொருந்தும். சேகரிப்புக்கென்றால், மூலைகள் தேய்ந்திருந்தாலும், ஓரங்கள் வெட்டித் திருத்தப்படவில்லை என்று அளந்து உறுதிசெய்தபின் போமனையே நான் தேர்வேன்.